லோடு செயின்: வெளியே பளபளப்பு, உள்ளே வறட்சி

பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒருவன் போன மாதம் ஏணியில் ஏறி, மோல்டிங் பெட்டி (வார்ப்புக்கான மணல் அச்சுப் பெட்டி) தொங்கிக்கொண்டிருக்கும்போதே, பாரம் தூக்கும் மின் கருவியான ஹாய்ஸ்டின் செயின்மேல் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கீழே இறக்கிவிட்டுக் கேட்டேன். "செயின் காய்ந்து கிடந்தது அண்ணா, அதனால்தான்" என்றான். அக்கறையுள்ள பையன்தான். 22 வருடங்களுக்கு முன்பு கோவையில் ஒரு வார்ப்படச் சாலையில் நானும் இதே அக்கறையோடு இதே வேலையைச் செய்தேன். அன்று என் கையில் இருந்தது கிரீஸ் டப்பா.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றாதே, பாரத்துக்குக் கீழே நிற்காதே என்பதெல்லாம் பட்டறைச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. சுவரில் எழுதாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிரீஸ் பூசினால் போதும் என்று நினைப்பது

இன்றும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

செயினில் தேய்மானம் வெளிப்பக்கத்தில் தொடங்குவதில்லை. ஒரு கண்ணியின் வளைவு அடுத்த கண்ணியின் வளைவில் உட்காரும் இடத்தில்தான் தொடங்குகிறது. செயினை இழுக்கும் பள்ளமுள்ள சக்கரமான லோடு வீலில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வளைவுகளும் முழுப் பாரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று உரசித் திரும்புகின்றன. எண்ணெய் போய்ச் சேர வேண்டியது அங்கே. பாரம் தொங்கும்போதோ அந்த இடம் இறுகக் கவ்வியிருக்கும். மேலே ஊற்றியதெல்லாம் பக்கவாட்டில் வழிந்து தரைக்குப் போய்விடும். செயின் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும்; மூட்டு வறண்டே கிடக்கும்.

கிரீஸ் இன்னும் மோசம். அது உள்ளே நுழையாது, வெளியே ஒட்டிக்கொள்ளும். வார்ப்படச் சாலையில் காற்றிலேயே மணல்தான். ஒட்டிய கிரீஸில் மணல் சேர்ந்தால், வால்வை உட்கார வைக்க மெக்கானிக் தடவும் கிரைண்டிங் பேஸ்ட் போலாகிவிடுகிறது. வாரம் தவறாமல் அந்தப் பேஸ்டை நானே பூசிக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களில் ஹாய்ஸ்டிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. கியர் பாக்ஸில்தான் கோளாறு என்று நானாகவே முடிவு கட்டி, ஒரு ஷிஃப்ட் முழுவதும் அதைப் பிரித்துப் போட்டேன். உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தது. மறுநாள் மூத்த ஃபிட்டர் வந்தார். சத்தத்தைக் கேட்டார், கியர் பாக்ஸ் பக்கம் திரும்பவே இல்லை. கொக்கியைத் தரையில் இறக்கச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, தளர்ந்த செயினில் இரண்டு கண்ணிகளை விலக்கிக் கந்தல் துணியால் துடைத்தார். "நகத்தை வைத்துப் பாரப்பா" என்றார். வளைவின் உள்பக்கத்தில் நகம் இடறியது. கண்ணாடி போல் மின்னும் ஒரு சிறு பள்ளம். அதன் ஓரத்தில் படிக்கட்டு போன்ற விளிம்பு.

மின் ஹாய்ஸ்ட் செயினின் மேற்பரப்பு பொதுவாகக் கடினப்படுத்தப்பட்டது. அந்தத் தோல் தேய்ந்து போனால் உள்ளே இருப்பது அதைவிட மென்மையான எஃகு. அதற்குமேல் தேய்மானம் வேகம் பிடிக்கும். மூட்டுகள் தேயத் தேயச் செயின் நீளும். லோடு வீலின் பள்ளங்களோ பழைய இடைவெளியிலேயே இருக்கின்றன. கண்ணி பள்ளத்தில் சரியாக உட்காராமல் விளிம்பில் ஏறி, பாரத்தில் நழுவி விழுகிறது. நான் கேட்ட 'டக்' அதுதான். செயின், லோடு வீல், செயினை வீலுக்குள் நேராகச் செலுத்தும் செயின் கைடு மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. உதிரிபாகம் வந்து சேர மூன்று நாள் ஆனது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் பெட்டிகளைக் கையால் தூக்கிய நான்கு பேர் நிறையச் சொன்னார்கள்.

சரியான முறை எளிதுதான். பாரத்தை எடுத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அமிலம் கலந்த எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். கடினப்படுத்திய எஃகில் அமிலம் பட்டால் வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். செயினைத் தளரவிட்டு, கையேட்டில் சொன்ன எண்ணெயை மூட்டு மூட்டாக விடுங்கள். கண்ணிகளை ஆட்டிக் கொடுத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மணலும் தூசியும் மிகுந்த இடமென்றால், ஈரம் இல்லாத உலர் மசகைப் பல தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் பட்டறையில் இப்போது அதுதான்.

தடிமனை மட்டும் அளப்பது

7 மில்லிமீட்டர் கம்பியில், கண்ணியின் உள்நீளம் 21 மில்லிமீட்டராக உள்ள செயினை எடுத்துக்கொள்வோம். தடிமன் 10 சதவீதம் குறைந்தால் கழிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 6.3 வரை போகலாம். வேலைக்குப் புதியவன் ஒருவன் தேய்ந்த வளைவில் வெர்னியரை (நுண்ணளவுக் கருவி) வைத்து 6.7 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறான்.

11 கண்ணிகளின் நீளத்தை அளந்தால் கதை வேறு. முதல் கண்ணியின் தொடக்கமுனை உள்விளிம்பிலிருந்து பதினோராவது கண்ணியின் கடைசிமுனை உள்விளிம்பு வரை புதிதில் 231 மில்லிமீட்டர். 2 சதவீதம் நீண்டால், அதாவது 235.6ஐத் தொட்டால், செயின் கழிவு. ஒரு மூட்டில் இரண்டு வளைவுகளும் சேர்ந்து தேய்வதால், ஒவ்வொன்றிலும் 0.21 மில்லிமீட்டர் போனாலே இந்த எல்லை வந்துவிடும். தடிமன் அப்போது 6.8க்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். 6.7 என்று பார்த்து நிம்மதியடைந்தவனின் செயின் ஏற்கனவே எல்லை தாண்டியது. என்னுடையது அன்று 238 காட்டியது.

இந்த எண்கள் ஹாய்ஸ்டுக்கு ஹாய்ஸ்ட் மாறும். உங்கள் கையேட்டில் சொன்ன எண்தான் எல்லை.

கைக்கு எட்டும் இடத்தில் அளப்பது

கொக்கிக்கு மேலே ஓர் அடியில் அளந்தால் செயின் பெரும்பாலும் புதிதாகத்தான் இருக்கும். அந்தப் பகுதி லோடு வீலை எட்டுவது அபூர்வம். அன்றாடம் எந்த உயரத்துக்குத் தூக்குகிறீர்களோ, அப்போது பாரத்தோடு வீலைக் கடக்கும் பகுதியை அளக்க வேண்டும். ஏணி தேவைப்படலாம். ஏணியில் ஏறுங்கள்.

"அதே அளவுதானே" என்று கடையில் செயின் வாங்குவது

பாரம் கட்டும் ஸ்லிங் செயினிலும் 7க்கு 21 உண்டு, 80 என்ற தரமும் உண்டு. ஆனால் ஸ்லிங் செயின் வீலில் ஓடுவதற்காகச் செய்ததல்ல. கண்ணிக்குக் கண்ணி அளவு அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மேற்பரப்பும் அந்த அளவுக்குக் கடினமானதல்ல. லோடு வீலுக்குப் பொருந்துவது ஹாய்ஸ்ட் தயாரிப்பாளர் சொல்லும் செயின் மட்டும்தான். புதுச் செயினைப் போடும்போது வீலின் பள்ளங்களையும் பாருங்கள். தேய்ந்த வீல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

முறுக்கு

இரண்டு வரிச் செயின் உள்ள ஹாய்ஸ்டில், கொக்கியைத் தரையில் வைத்து அளவுக்கு மேல் தளரவிட்டால் கொக்கி மாட்டியிருக்கும் கீழ் பிளாக் சாய்ந்து, செயின் வளையத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அடுத்து தூக்கும்போது முறுக்கேறிய கண்ணிகள் வீலுக்குள் போகும். எண்ணெய் விடுவதற்காகத் தளர்த்தும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. வேலை முடிந்ததும் பாரமில்லாமல் மெதுவாகத் தூக்கி, வெல்டிங் குறிகள் மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள்.

அறுந்த கண்ணியை வெல்டிங் வைப்பது, போல்ட் போட்டு இணைப்பது

கூடாது.

லிமிட் சுவிட்சை நிறுத்தும் பொத்தானாகப் பயன்படுத்துவது

கொக்கி எல்லையை எட்டினால் ஹாய்ஸ்டைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் அது; கடைசிக் காவல். தினமும் இடித்தால் தேவையான நாளில் வேலை செய்யாமல் போகலாம்.

செயின் பெட்டி

மேலேறும் தளர்ந்த செயின் சேரும் பெட்டி இது. நீளமான செயின் போட்டால் பெட்டியும் பெரிதாக வேண்டும். வழிந்த செயின் தன் எடையிலேயே மீதியையும் இழுத்துக்கொண்டு கீழே கொட்டும்.

பையனை மறுபடி ஏணியில் ஏற்றினேன், இந்த முறை பாரம் இல்லாமல், பூட்டுப் போட்ட பிறகு. 11 கண்ணிகளை எண்ணி மூன்று இடங்களில் அளந்தான். அதிகபட்சம் 233.4. தேதியோடு பதிவேட்டில் எழுதச் சொன்னேன். அடுத்த மாதம் அதே மூன்று இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க என்ன செய்வது என்று கேட்டான். கொக்கியிலிருந்து கண்ணிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டான்.