ஃபெம்டோ நொடி லேசரில் வேதிவினையைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதுகாப்புக் கண்ணாடி, கற்றை வரும் உயரத்தில் குனியாமை இதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். விடுங்கள். ஃபெம்டோ நொடி என்றால் ஒரு நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய லேசர் துடிப்புகள் இரண்டு: பம்ப் துடிப்பு வினையைத் தொடங்கிவைக்கும், தாமதித்து வரும் ப்ரோப் துடிப்பு அந்த நேரத்து நிலையைப் பார்க்கும். 1999-இல் அகமது ஜெவைலுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வழி இது. புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

பம்ப் பவரைக் கூட்டுவது

சிக்னல் சிறிதாக இருந்தால் கை நேராகப் பவரைக் கூட்டத்தான் போகிறது. எத்தனை முறை சொன்னாலும் நிற்காத பழக்கம், எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒரு மாணவர் நீரில் கரைத்த சேர்மத்தை 266 நானோமீட்டரில் தூண்டினார். 700-ஐ ஒட்டி அகலமான உறிஞ்சல் பட்டை ஒன்று எழுந்தது. "புது இடைநிலைப் பொருள் சார்" என்று வினைவழியும் வரைந்தாயிற்று, கட்டுரை வரைவும் தயார். வெறும் தண்ணீரை வைத்துப் பாரப்பா என்றேன். அதே பட்டை! நீர் இரண்டு ஃபோட்டான்களை ஒருசேர விழுங்கி எலக்ட்ரானை உதறிவிடுகிறது. நீருக்குள் தங்கும் அந்த எலக்ட்ரான் 720 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். மாதக்கணக்கில் அவர் அளந்தது தண்ணீரை.

பம்ப் ஆற்றலைப் பாதியாக்குங்கள். சிக்னலும் பாதியானால் நல்லது. கால்பங்கானால் இரண்டு ஃபோட்டான் வேலை. பாதிக்கு மேலேயே நின்றால் மாதிரி தெவிட்டிவிட்டது, அதாவது பவரைக் கூட்டினாலும் அதே அளவுக்குச் சிக்னல் கூடாது. ஒரே நிறமாலையில் ஒரு பட்டை பாதியாகவும் இன்னொன்று கால்பங்காகவும் குறையலாம், அதனால் ஒவ்வொரு அலைநீளத்திலும் பார்க்க வேண்டும். சிக்னல் போதவில்லையா? இரண்டு கற்றைகளும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள், அப்புறம் அதிக நேரம் சராசரி எடுங்கள்.

பூஜ்ஜிய நேரத்தை நம்புவது

இரு துடிப்புகளும் சந்திக்கும் கணம்தான் பூஜ்ஜிய நேரம். அப்போது கரைப்பானும், மாதிரி ஊற்றும் சிறு கலமான குவெட்டின் சுவரும்கூடச் சிக்னல் தரும். அதற்கு ஒரு எக்ஸ்பொனென்ஷியல் சரிவு வளைவைப் பொருத்தி "50 ஃபெம்டோ நொடி வினை" என்று எழுதாதீர்கள்.

சிர்ப்

ப்ரோபாக வரும் வெள்ளை ஒளியில் சிவப்பு முந்தும், நீலம் பிந்தும். இதுதான் சிர்ப், இதனால் பூஜ்ஜிய நேரம் நிறத்துக்கு நிறம் மாறும். முதலில் திருத்துங்கள்.

முனைவாக்கம்

முனைவாக்கம் என்பது ஒளி அலை அதிரும் திசை. பம்புக்கும் ப்ரோபுக்கும் அந்தத் திசைகளுக்கு இடையே 54.7 டிகிரி வையுங்கள், மூலக்கூறு சுழல்வது சிக்னலில் கலக்காது.

டிலே ஸ்டேஜ்

தாமதத்தை மாற்ற ஆடிகளைச் சுமந்து நகரும் மேடை இது. ஸ்டேஜ் 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால், போய்த் திரும்பும் ஒளிக்கு 6.7 ஃபெம்டோ நொடி தாமதம். நீண்ட ஓட்டத்தில் கற்றை மெல்ல விலகினால் சிக்னலும் மெல்லச் சரியும், பார்க்க மூலக்கூறு சிதைவது போலவே இருக்கும். மாதிரி இருக்கும் இடத்தில் ஊசித்துளையை வைத்து ஸ்டேஜை முழுக்க ஓட்டுங்கள். துளைக்குப் பின்னால் பவர் மாறினால் அன்றைக்கு அளக்க வேண்டாம், கற்றையைச் சீரமையுங்கள்.