தோட்டத்துப் போர்க்கால வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் தமிழ்ப்பள்ளி விழா, கோயில் கும்பாபிஷேகம் என்றால் ஒரு மலர் வெளிவரும். அதில் தோட்ட வரலாறு என்று நாலைந்து பக்கம் இருக்கும். ஜப்பான்காரன் வந்தான், கம்யூனிஸ்டு கலகம் வந்தது, மெர்டேக்கா (விடுதலை) கிடைத்தது, நம் மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று மலருக்கு மலர் ஒரே வரிசைதான். ஜப்பான் காலத்துப் பஞ்சத்தில் தின்ற மரவள்ளிக்கிழங்கும் வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டும் தவறாமல் இருக்கும். எது எதனால் மாறியது என்பது மட்டும் இருக்காது. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழ்ந்து மடிந்தவர்களைப் பற்றி எழுதுகிறோம். அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

பெரிய தவறு, கதையை 1941 டிசம்பரில் தொடங்குவது. ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. தோட்டத் தொழிலாளி தலைநிமிர்ந்தது அதற்கு முன்பே. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரையோ (வெள்ளைக்கார நிர்வாகி) கிராணியோ (தோட்ட அலுவலர்) வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. காசு விவகாரமில்லாத இந்த ஒரு வரி, அன்றைய தோட்டம் எப்படி இருந்தது என்று பத்துப் பக்கம் எழுதியதற்குச் சமம். பட்டாளத்தை இறக்கி வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள். 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

இந்தத் துணிச்சலுக்கும் காரணம் உண்டு. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகையில் மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. முரண்டு பிடிப்பவனை விரட்டிவிட்டுக் கங்காணியை அனுப்பிப் புது ஆள் பிடித்துவரும் வழி அடைபட்டது. இருக்கும் ஆளின் மதிப்பு கூடியது. எனவே உங்கள் தோட்டத்து வரலாறும் 1938க்கு முன்பே தொடங்கட்டும். போருக்கு முன் என்ன இருந்தது என்று எழுதாமல் போர் எதை மாற்றியது என்று சொல்ல முடியாது.

அடுத்தது, ‘போர் மாற்றியது’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது. போருக்குக் கைகால் கிடையாது. எந்த வழியாக மாற்றியது என்று காட்ட வேண்டும். ரப்பரையே எடுத்துக்கொள்வோம். 1942இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. அவர்கள் ஆலைகள் கட்டிச் செயற்கை ரப்பர் செய்தார்கள். 1941இல் சில ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி 1945க்குள் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. போர் முடிந்த பிறகும் அந்த ஆலைகள் ஓடின. அன்றிலிருந்து பால்மரத்துக்கு ஒரு போட்டியாளன் நிரந்தரமாக நின்றான். பின்னாளில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று. நேர்மாறாக, 1950இல் வெடித்த கொரியப் போர் ரப்பர் விலையை உச்சிக்குக் கொண்டுபோனது. அந்த வரிப்பணம்தான் அரசு இங்கே கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நடத்திய போருக்குக் கைகொடுத்தது. இந்தக் கண்ணிகளைக் கோத்துக் காட்டினால்தான் வாசகருக்குப் புரியும்.

வாய்மொழியாகக் கேட்டு எழுதுவோர் நாள், நேரக் கணக்கில் வழுக்கி விழுகிறார்கள். ஜப்பானியர் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரத்தில் வைத்தார்கள். பெரியவர் ஒருவர் “சப்பான் காலத்தில் 6 மணிக்குப் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு)” என்றால், அது பழைய கணக்கில் விடியாத 4.30 மணியாக இருக்கலாம். அக்காலக் காகிதங்களில் ஜப்பானியக் கணக்கில் 2602 என்று ஆண்டு போட்டிருந்தால் அது 1942. 2605 என்றால் 1945. வயதை நேராகக் கேட்டால் தோராயமாகத்தான் பதில் வரும். அப்போது பால் வெட்டப் போய்விட்டாரா, தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிந்தாரா என்று கேளுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு அதை ஒப்பிடுங்கள். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது என்பவை உறுதியானவை. அங்கே செத்த தமிழர் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகள்தான் உண்டு. போர்க்கைதிகளுக்கு இருந்ததுபோல் பெயர்ப் பட்டியல் நம்மவர்களுக்கு இல்லை. பெரிய எண்ணாகப் பார்த்துப் போடுவதைவிட, உங்கள் தோட்டத்திலிருந்து போனவர், திரும்பியவர் பெயர்களைச் சேகரிப்பது ஆயிரம் மடங்கு மேல்.

நம் வட்டாரத்தில் அடிக்கடி தலைகீழாகப் போவது 1948. துரைமார் கொலை, அதனால் அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அரசு அறிவித்த நெருக்கடிநிலை), அதனால் சங்கங்களுக்குத் தடை என்று எழுதுகிறார்கள். நாட்களை வரிசையாக வையுங்கள். மே 31இல் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள்தான் சம்மேளனமாகக் கூடலாம், பொறுப்பாளருக்கு அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஜூன் நடுவில் பதிவை இழந்தது. ஜூன் 16 காலையில்தான் சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலுமாக 3 ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேராவின் சில பகுதிகளில் அன்றே அவசரகாலம், இரண்டு நாளில் நாடு முழுதும். சங்கத்தின் கழுத்தில் கயிறு விழுந்தது கொலைகளுக்கு முன்பே. இந்த வரிசை பிசகினால் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் ஏன் தூக்குக்குப் போனார், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஏன் ஒரே தொழிலுக்குரிய சங்கமாக உருவானது என்ற இரண்டுமே புரியாமல் போகும்.

தோற்ற புரட்சி எதையும் மாற்றவில்லை என்று எழுதுவதும் பிழை. காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் தோற்றார்கள். ஆனால் அவர்களைத் தோற்கடிக்க அரசு எடுத்த வழிகள் நம் வாழ்க்கைக்குள் நிலைத்துவிட்டன. இன்று பாக்கெட்டில் இருக்கும் ஐ.சி. (அடையாள அட்டை) 1948இல் கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறியத்தான் பிறந்தது. 12 வயதைத் தாண்டியவர் எல்லாரும் பதிய வேண்டியிருந்தது. காட்டோரக் குடிகளை வேலிக்குள் குடியேற்ற 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தைச் சீனர் புதுக்கிராமங்களோடு முடித்துவிடுகிறோம். தோட்ட லயங்களும் ஒன்றாகக் கூட்டப்பட்டு முள்கம்பி போடப்பட்டன. உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில் பால் வெட்டப் போகிறவர் சோறு கொண்டுபோக முடியாது, வாசலில் சோதனை. கடைக்காரர் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், காட்டுக்குக் கடத்தினால் கெட்டுப்போகட்டும் என்று. 1952இல் குடியுரிமை விதி தளர்ந்ததற்கும், 1955இல் பொதுத்தேர்தல் வந்ததற்கும் பின்னால் மக்களைத் தன் பக்கம் இழுக்கும் அவசரமும் இருந்தது.

பெண்களைப் பற்றி எழுதும்போது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையோடு நிறுத்திவிடாதீர்கள். 1945க்குப் பிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று தேடுங்கள். அவர்களில் ஒருவரான ஜானகி தேவர், ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) கட்சி தொடங்கியபோது முன்னணியில் இருந்தார். பலர் அதே லயத்துக்கு, அதே பால்வாளிக்குத் திரும்பினார்கள்.

கடைசியாக, விடுதலை நாளான 1957 ஆகஸ்ட் 31இல் கதையை முடிக்காதீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, தோட்டத் துண்டாடல் (தோட்டத்தைச் சிறு துண்டுகளாக விற்பது) அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. அதை எதிர்கொள்ளத்தான் 1960இல் ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி தொழிலாளரிடம் ஆளுக்கு மாதம் 10 வெள்ளி திரட்டினார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல், குடிமகன் அல்லாதவருக்கான சிவப்பு ஐ.சி.யோடு இருந்தவர்களுக்கு 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்கப்பட்டது. கிடைக்காத பலர் தாங்கள் மறந்தே போயிருந்த ஊருக்குக் கப்பலேறினார்கள். உங்கள் தோட்டத்தில் அப்படிப் போன குடும்பங்கள் எவை, எந்த லயம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுத இன்னும் ஆள் இருக்கிறார்கள்.