யூஸ் கேஸிலிருந்து சிஸ்டத்தின் நடத்தையை வரைவது எப்படி? மெட்ரோ கேட்டை வைத்து ஒரு பயிற்சி

பெங்களூருக்கு ஐடி வேலைக்கென்று புதிதாக வரும் நம் பிள்ளைகள் யூஸ் கேஸ் (சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர் ஒரு காரியத்தை எப்படி முடிக்கிறார் என்ற படிப்படியான விவரிப்பு) நன்றாகவே எழுதுகிறார்கள். எழுதி முடித்த கையோடு ஸ்கிரீன், டேட்டாபேஸ் என்று தாவிவிடுவதுதான் சிக்கல். நடுவில் ஒரு வேலை இருக்கிறது: சிஸ்டம் எந்த நிலையில் எதற்கு என்ன செய்யும் என்று வரைந்து பார்ப்பது. கஸ்டமரிடம் கேட்க விட்டுப்போன கேள்விகள் அங்கேதான் அகப்படும்.

மெஜஸ்டிக் மெட்ரோ ஸ்டேஷனில் கார்டைத் தட்டி நுழைகிறோமே, அந்த கேட்டை எடுத்துக்கொள்வோம். விதிகள் மட்டும் பயிற்சிக்காக நாமே வைத்துக்கொள்பவை.

படி 1: யூஸ் கேஸ்

ஆக்டர், அதாவது சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர்: பயணி. முன்நிபந்தனை, கேட் மூடியிருக்கிறது. பயணி கார்டைத் தட்டுகிறார். சிஸ்டம் கார்டைச் சரிபார்த்து, நுழைவைப் பதிந்து, கேட்டைத் திறக்கிறது. பயணி கடந்ததும் மூடுகிறது. கார்டில் பணம் போதாவிட்டால் செய்தி காட்டும், திறக்காது.

படி 2: சீக்வென்ஸ் டயகிராம்

யாரிடமிருந்து யாருக்கு எந்த வரிசையில் என்ன போகிறது என்று காட்டும் படம் இது. இரண்டே செங்குத்துக் கோடுகள்: பயணி, சிஸ்டம். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் மட்டும் அம்புக்குறி போடுங்கள். ரீடர், சர்வர் என்று கோடுகள் பெருகினால் டிசைனுக்குள் போய்விட்டீர்கள்.

படி 3: நிலைகளும் ஈவென்டுகளும்

முன்நிபந்தனையிலேயே ஒரு நிலை கிடைத்துவிட்டது: மூடியது. அடுத்தது, திறந்தது. யாருமே ஒன்றும் செய்யாவிட்டால்? நேரம் முடிதல் என்ற ஈவென்ட், அதாவது சிஸ்டம் கவனிக்க வேண்டிய நிகழ்வு, வருகிறது. ஆபத்து வந்தால்? ஊழியர் அழுத்தும் அவசரப் பொத்தானும், அவசரத் திறப்பு என்ற நிலையும் சேர்கின்றன.

படி 4: அட்டவணை

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். வரிசைகளில் மூன்று நிலைகள். பத்திகளில் கார்டு தட்டல், ஆள் கடத்தல், நேரம் முடிதல், அவசரப் பொத்தான். மொத்தம் 12 கட்டங்கள். நம் யூஸ் கேஸ் நிரப்பித் தருவது இரண்டைத்தான்.

காலிக் கட்டங்களில் ஒன்று: கேட் திறந்திருக்கும்போது இன்னொரு கார்டு தட்டப்படுகிறது. காலை நெரிசலில் முன்னால் போகிறவர் கடப்பதற்குள் பின்னால் நிற்பவர் தட்டிவிடுவார். அவருடைய நுழைவும் பதிவாகுமா, தட்டியது கணக்கில் வராதா?

இன்னொன்று: கேட் திறந்தும் பயணி கடக்கவில்லை. போன் வந்தது, நின்றுவிட்டார். நேரம் முடிந்து கேட் மூடிவிட்டது. கார்டிலோ அவர் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகப் பதிவு. மறுபடி தட்டினால் சிஸ்டம் ஒத்துக்கொள்ளுமா? அப்படியானால் நுழைவைத் தட்டும்போது பதிவதா, கடந்த பிறகு பதிவதா? கடந்த பிறகு என்றால், அதற்குள் அதே கார்டை அடுத்த கேட்டில் ஒருவர் தட்டிவிடலாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் கஸ்டமர். புரோகிராமர் ராத்திரியில் தானாக முடிவெடுக்கக் கூடாது.

நிலைகளையும் ஈவென்டுகளையும் படமாக வரையும் ஸ்டேட்சார்ட் முறை பிறந்ததும் இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான். 1980களில் போர் விமான மின்னணுவியல் திட்டம் ஒன்றில் பொறியாளர்களோடு வேலை செய்தபோது கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரெல் அதை உருவாக்கினார். 1987-இல் கட்டுரையாக வெளியிட்டார். மென்பொருளைப் படமாக வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூஎம்எல் அதைத் தழுவிக்கொண்டது.

படி 5: திருப்பி எழுதுதல்

கிடைத்த பதில்களை யூஸ் கேஸில் மாற்றுவழிகளாகச் சேருங்கள். அப்புறம் நிலைகளை வட்டமுனைப் பெட்டிகளாகவும் ஈவென்டுகளை அம்புகளாகவும் வரைந்தால் ஸ்டேட் டயகிராம் தயார். நடக்கவே முடியாத கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். டெஸ்டிங் குழுவுக்கு அந்த அட்டவணையை அப்படியே கொடுக்கலாம், கட்டத்துக்கு ஒரு டெஸ்ட் கேஸாவது தேறும்.