2005 பென்ஸா, 2007 பென்ஸா? மலையகத்துக்கு வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

அக்கா மகன் கொட்டகலையிலிருந்து போன் எடுத்தான். “மாமா, 2007 பென்ஸ் ஒன்னு வந்திருக்கு. வெள்ளை. கல்யாண ஹயருக்கு அம்சமா இருக்கும். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க.” போனேன். வண்டி பளிச்சென்று நின்றது. சீஆரை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, வாங்கிப் பார்த்தால், முதற்பதிவுதான் 2007. தயாரித்த ஆண்டு 2005. பாவித்த வண்டியாக வெளிநாட்டிலிருந்து இறங்கியது. விற்க வந்தவர் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. அவருக்கே அந்த வித்தியாசம் தெரியாது.

வேறு பல கார்களில் இந்த இரண்டு வருடம் பெரிய விஷயமில்லை. மெர்சிடிஸ் ஈ-கிளாஸில், அதுவும் றம்பொடை இறக்கத்தில் ஓடப்போகிற ஈ-கிளாஸில், இந்த இரண்டு வருடத்துக்குள் பிரேக்கே வேறாகிவிடுகிறது. முதன்முதலாக இப்படி ஒரு கார் பார்க்கப் போகிறவர்களுக்காக, நான் பார்க்கும் ஒழுங்கில் எழுதுகிறேன்.

முதல் படி: எந்தத் தலைமுறை?

ஈ-கிளாஸ் 1995 முதல் 2002 வரை டபிள்யூ 210, 2002 முதல் 2009 வரை டபிள்யூ 211, 2009 முதல் 2016 வரை டபிள்யூ 212. நம் பக்கம் விலை கட்டுபடியாகிறதென்று பலர் தேடுவது 211. அதைவிட மலிவாக 210 கிடைக்கும், ஆனால் அது துருப்பிடிப்பதில் பெயர் வாங்கிய வண்டி. முன்சக்கர ஸ்பிரிங் உட்காரும் இடமே அரித்துப்போவது அதில் தெரிந்த வியாதி. நுவரெலியா ஈரத்தில் அதை வைத்துக் காப்பாற்ற முடியும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

211-க்கு உள்ளேயும் ஒரு கோடு இருக்கிறது. 2006 நடுப்பகுதியில் அந்த மாடலைத் திருத்தி வெளியிட்டார்கள். நீங்கள் பார்க்கும் வண்டி அந்தக் கோட்டுக்கு முன்னா, பின்னா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாம் படி: சீஆரும் சேசிஸ் இலக்கமும்

நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்துகள் இலங்கையில் எப்போது பதிந்தார்கள் என்பதைத்தான் சொல்லும். சீஆரில் ‘தயாரித்த ஆண்டு’, ‘முதற்பதிவுத் திகதி’ இரண்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு சேசிஸ் இலக்கம். மொத்தம் 17 இடம். 4, 5, 6-ஆம் இடங்களில் 211 இருக்க வேண்டும். 7 முதல் 9 வரை மூன்று இலக்கம் மாடலைச் சொல்லும். அதிகம் தேடப்படும் ஈ 200 கொம்ப்ரசரில் 042 என்றால் திருத்தத்துக்கு முந்தியது, 041 என்றால் பிந்தியது. 10-ஆம் இடத்தில் 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. சீஆரில் உள்ள இலக்கமும் வண்டியில் உள்ள தகடும் ஒரெழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும்.

பம்பரையும் கிரில்லையும் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பழைய வண்டிக்குப் புதிய முகம் மாட்டுவது பெரிய வேலையே இல்லை. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் திகதி இருக்கும், அதையும் இழுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: பிரேக் எந்த வகை?

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்.

2002 முதல் 2006 நடுப்பகுதி வரை வந்த 211-இல் எஸ்பிசி என்ற பிரேக். சாதாரண காரில் பெடலை மிதித்தால் உங்கள் காலின் அழுத்தமே எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். எஸ்பிசியில் பெடல் ஒரு தகவலை மட்டும் கொடுக்கும். கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டு, மின்பம்ப் முன்கூட்டியே சேமித்து வைத்த அழுத்தத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும். நன்றாக வேலை செய்யும்போது அருமையான பிரேக். ஆனால் எத்தனை தடவை பிரேக் போட்டோம் என்று அது எண்ணிக்கொண்டே வரும். வைத்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை காட்டும், பம்ப் தொகுதியை மாற்ற வேண்டி வரும். 2004-லும் 2005-லும் இந்த பிரேக்குக்காகக் கம்பனியே கார்களைத் திருப்பி அழைத்தது. 2006 திருத்தத்தில் எஸ்பிசியை எடுத்துவிட்டு வழமையான பிரேக்குக்குத் திரும்பினார்கள்.

சமதரையில் ஓடும் காரும், ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்து ஓடும் காரும் ஒரே மைல் கணக்கு காட்டலாம். பிரேக் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. எஸ்பிசி செயலிழந்தால் முன்சக்கரங்களில் மட்டும், காலின் முழுப் பலத்தால் நிறுத்த வேண்டியிருக்கும். லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ரோட்டோரமாக நடந்து வரும் நேரத்தில், இறக்கத்தில், அப்படி ஒரு நிலை வரக்கூடாது.

கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் போடாமல், சத்தமில்லாத இடத்தில் டிரைவர் கதவைத் திறவுங்கள். பொனட்டுக்குள் ‘ங்ர்ர்’ என்று ஒரு மோட்டார் சத்தம் வந்தால் அது எஸ்பிசி பம்ப். பிறகு பொனட்டைத் திறந்து பாருங்கள். முக்கிய பற்றரி டிக்கியில் இருக்கும்; எஸ்பிசி வண்டியில் பொனட்டுக்குள்ளும் சின்னதாக இன்னொன்று இருக்கும்.

எஸ்பிசி வண்டிதான் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். பம்ப் மாற்றியதற்கு ரசீது உண்டா? ஸ்டார் டயக்னோசிஸ் என்ற பென்ஸ் சோதனைக் கருவி உள்ள கராஜில் எண்ணிக்கையை வாசித்துக் காட்டுவீர்களா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

வண்டி திருத்தும் பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை. எஸ்பிசி வண்டியில் பிரேக் பேட் கழற்றுமுன் கருவியால் அதை முடக்க வேண்டும். நீங்கள் சக்கரத்தில் கை வைத்திருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் பம்ப் விழித்துக்கொள்ளும், பிரேக் பேடை அழுத்தும் கலிப்பர் இறுகும், விரல் போய்விடும். ஊர்க் கராஜில் வேலை பழகும் தம்பிமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஏற்றம்

ஈ 200 கொம்ப்ரசர் திருத்தத்துக்கு முன் 163 குதிரைவலு, பின் 184. இன்ஜின் இரண்டிலும் 1.8 லீட்டர்தான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, இன்ஜினுக்கும் அந்தளவு மூச்சு குறையும். கணக்குக்கு 163 என்பது 136 மாதிரியும், 184 என்பது 153 மாதிரியும் இருக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் அந்த வித்தியாசம் தெரியும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி ‘கடகட’ என்று உலோகச் சத்தம் வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். இந்த இன்ஜினில் அது தெரிந்த குறை, பழசிலும் வரும் புதுசிலும் வரும். பார்க்கப் போகும்போது “முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க” என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இறக்கம்

டெஸ்ட் டிரைவை டவுனுக்குள் சுற்றி முடிக்க விடாதீர்கள். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கீழே இறங்குங்கள். கியர் லிவரை இடப்பக்கம் தட்டினால் 4, 3 என்று கியரைக் கட்டுப்படுத்தலாம். 3-இல் விட்டால் வண்டி இன்ஜினாலேயே தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வளைவுக்கு முன் மட்டும் பிரேக்.

ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஒயில் பழசு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் பெடலைத் தளர்த்திவிடும். எங்கள் மூட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது. கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் போய் முகர்ந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் கருகல் வாடை என்றால் அந்தக் கலிப்பர் ஒட்டுகிறது.

ஆறாம் படி: ஈரம்

கண்ணாடிக்குக் கீழே, பொனட் ஓரத்தில் இலைசருகு அடைத்திருந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கும். கால் மிதியைத் தூக்கி விரலால் அழுத்துங்கள். ஈரமாக இருந்தால் எலக்ட்ரிக் தொல்லை பின்னாலேயே வரும். காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால், இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னும் காசு சேர்க்க முடிந்தவர்கள் 212-ஐயும் பார்க்கலாம். ஈ 200 சிஜிஐ டர்போ இன்ஜின், மேல்நாட்டுக் காற்றைச் சமாளிப்பதில் பழைய கொம்ப்ரசரைவிட நல்லது. 2013 திருத்தத்துக்குப் பிறகு முன்விளக்கு இரண்டிரண்டாகப் பிரிந்திராமல் ஒரே கண்ணாடிக்குள் வரும். அடையாளம் காண அது போதும்.

கடைசியாக விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அதற்கிடையில் பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. விளம்பரத்தில் போட்டிருக்கும் வருடத்துக்கு விலை பேசாதீர்கள். தயாரித்த ஆண்டுக்கும் பிரேக் வகைக்கும் பேசுங்கள்.

அந்த வெள்ளை வண்டியில் பம்ப் ரசீது இல்லை, விட்டுவிட்டு வந்தோம். மருமகனுக்கு முகம் சுருங்கிப்போனது. இரண்டு மாதம் கழித்துக் கண்டியில் ஒன்று கிடைத்தது. ‘2006 பென்ஸ்’ என்று போட்டிருந்ததால் அதிகம் பேர் கேட்கவில்லையாம். தயாரிப்பு அந்த வருடக் கடைசி, சேசிஸ் இலக்கத்தில் 041. கதவைத் திறந்தேன், சத்தமில்லை. “இதுதாம்பா புதுசு” என்றேன்.