அலங்கார வெங்காயம் வளர்ப்பு: நடவு முதல் கிழங்கு பிரிப்பது வரை

நீண்டு நிமிர்ந்த தண்டின் உச்சியில் ஊதாப் பந்தாகப் பூத்து நிற்கும் அலங்கார வெங்காயம், சமையல் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நெருங்கிய சொந்தம். மூன்றுமே அல்லியம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பெரிய பூ விடும் வகைகளில் பலவற்றுக்குத் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். அங்கே குளிர்காலத்தில் கடுங்குளிர், வசந்தத்தில் ஈரம், கோடையில் மண் காய்ந்து கிடக்கும். இந்த மூன்றும் கிடைத்தால் செடி ஆண்டுக்கணக்கில் பூக்கும். ஒன்று குறைந்தாலும் முதல் ஆண்டோடு காணாமல் போய்விடும்.

படி 1: வகையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 'பர்ப்பிள் சென்சேஷன்' நல்ல தேர்வு. 60 முதல் 90 செ.மீ. உயரம் வரும், எளிதில் ஏமாற்றாது. பாத்தியின் முன்வரிசைக்கு மஞ்சள் பூ விடும் அல்லியம் மோலி சரியான அளவு. ஓரளவு நிழலையும் தாங்கும். 'குளோப்மாஸ்டர்' வகையின் பூப்பந்து 15 முதல் 20 செ.மீ. அகலம் இருக்கும், கிழங்கின் விலையும் கூடுதல். ஆளுயரத்தை எட்டும் அல்லியம் ஜைஜான்டியம் ஈரத்தில் விரைவாக அழுகும். அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

குளிர்காலமே இல்லாத ஊரில் இந்தப் பெரும்பூ வகைகள் நிலைக்காது. கிழங்கைக் காகிதப் பையில் போட்டு, 10 முதல் 12 வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நட்டால் ஒருமுறை பூக்கலாம். மறு ஆண்டை எதிர்பார்க்க முடியாது. பழங்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, அவை விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூ மொட்டைக் கெடுத்துவிடும். வெப்பமான ஊருக்குப் பொருத்தமானது, தட்டையான தாளும் வெள்ளை நட்சத்திரப் பூவும் கொண்ட பூண்டுத் தாள் செடி, அதாவது அல்லியம் டியூபரோசம்.

படி 2: மண்ணைத் தயார் செய்யுங்கள்

அலங்கார வெங்காயம் சாவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கித்தான். நடும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிப் பாருங்கள். பல மணி நேரம் கழித்தும் நீர் நின்றால் அந்த மண் ஆகாது. களிமண்ணில் ஒரு கூடை மணலைக் கொட்டிக் கிளறினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்ச மணல் களிமண்ணோடு சேர்ந்து இன்னும் இறுகத்தான் செய்யும். 20 செ.மீ. உயர்த்திய மேட்டுப்பாத்தி கட்டி, மக்கிய இலை உரமும் பொடி ஜல்லியும் கலந்து நிரப்புவதே நிலையான வழி. ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும்.

காய்கறி வெங்காயம் போட்ட பாத்தியில் நடவே கூடாது. வெள்ளை அழுகல் நோய்க்கான பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

படி 3: நடவு

இலையுதிர் காலம்தான் நடவுப் பருவம்: வட அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தென் அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரை. கையில் எடுத்தால் கெட்டியாகவும் கனமாகவும் இருக்கும் கிழங்கை வாங்குங்கள். அடிப்பக்கம் மெத்தென்று அமுங்கினால் ஒதுக்கிவிடுங்கள். மேல் தோல் உரிந்திருந்தால் பாதகமில்லை.

குழியின் ஆழம் கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். பெரிய கிழங்குக்கு 15 முதல் 20 செ.மீ., சிறியவற்றுக்கு 5 முதல் 10 செ.மீ. என்று வரும். மேலோட்டமாக நட்டால் பூ கனத்ததும் தண்டு சாயும். குழியின் அடியில் 2 செ.மீ. பருமணல் பரப்பி, கூர்முனை மேலே பார்க்க வைத்து, மண்ணைத் தள்ளி லேசாக அழுத்துங்கள். பெரிய வகைகளுக்கு 20 முதல் 30 செ.மீ. இடைவெளி, சிறியவற்றுக்கு 8 முதல் 10 செ.மீ. ஒருமுறை நன்றாக நீர் விட்டால் போதும்.

தொட்டியில் வைப்பதானால் குறைந்தது 30 செ.மீ. ஆழம் வேண்டும். அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: நீரும் உரமும்

வசந்தத்தில் தாள் தலைகாட்டியதும் சாம்பல்சத்து மிகுந்த உரத்தை ஒருமுறை, பொட்டலத்தில் உள்ள அளவில் இடுங்கள். தழைச்சத்து கூடினால் தாள் கொழுத்து, தண்டு வலுவிழந்து சாயும். இந்தப் பருவத்தில் மேல்மண் 3 செ.மீ. வரை காய்ந்தால் மட்டும் நீர் விடுங்கள்.

பூ விரியும் நேரத்தில் தாள் மஞ்சளாகி நுனி கருகும். இது நோயல்ல, பல வகைகளின் இயல்பே இதுதான். புதியவர்கள் பயந்து தண்ணீரை ஊற்றுவார்கள், அல்லது தாளை வெட்டிவிடுவார்கள். இரண்டும் கெடுதல். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைத் தாள்தான் கிழங்குக்குள் இறக்குகிறது. முழுதும் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை விட்டுவைக்க வேண்டும். கண்ணுக்கு உறுத்தினால் முன்வரிசையில் குட்டையான புதர்ச்செடிகளை நட்டு மறைக்கலாம். தாள் காய்ந்தபின் நீரை நிறுத்திவிடுங்கள்.

பூக்கவில்லையா? அழுகுகிறதா?

தாள் மட்டும் வந்து பூ வராவிட்டால் நிழல், குளிர் போதாமை, முன்கூட்டியே தாளை வெட்டியது, கிழங்குகள் நெருக்கியடித்தது ஆகியவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். தாளில் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்தால் இலைப்பேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள் துரு நோய். தாக்கிய தாளை அப்புறப்படுத்தி, செடிகளுக்கிடையே காற்றோட்டம் கொடுங்கள். கிழங்கின் அடியில் வெள்ளைப் பஞ்சும் கசகசா அளவு கருப்பு மணிகளும் இருந்தால் வெள்ளை அழுகல். அதற்கு மருந்து தேடி அலையாமல் கிழங்கைச் சுற்றுமண்ணோடு தோண்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

முயலும் மானும் இந்த வாடைக்குப் பெரும்பாலும் கிட்டே வராது. நாய், பூனை மென்றால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், ஆகவே தோண்டிய கிழங்குகளைத் தரையில் விட்டுவைக்காதீர்கள்.

கிழங்கு பிரித்தல்

மூன்று நான்கு ஆண்டுகளில் கிழங்குகள் கூட்டமாகிப் பூ சிறுக்கும். தாள் முழுதும் காய்ந்தபின் முள்கரண்டி மண்வெட்டியால் தள்ளி நின்று கிளப்பி, கையால் பிரித்து, பெரியவற்றை மறுபடி 15 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். சிறு கிழங்குகளைத் தனிப் பாத்தியில் வளருங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், பூக்க 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். 'குளோப்மாஸ்டர்' முளைக்கும் விதை தராது. 'பர்ப்பிள் சென்சேஷன்' விதை தாராளமாக உதிரும், ஆனால் நாற்றுகளின் நிறம் தாய்ச்செடியைப் போலவே இருக்காது. ஆழ்ந்த ஊதா நிறமே தொடர வேண்டுமென்றால் விதை சிந்தும் முன் காய்ந்த பூந்தலைகளை வெட்டி எடுத்துவிடுங்கள்.