லைசின் தரும் பாக்டீரியா: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நாங்கள் அந்த வயதில் செய்தவைதான். பிஹெச் பார்ப்பது, கலப்படம் வராமல் காப்பது எல்லாம் தானாகவே பழகிவிடும். கொரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற பாக்டீரியாவை, லைசின் என்னும் அமினோ அமிலத்தை அதிகம் தரும்படி மாற்றும்போது மாதக்கணக்கில் உழைப்பை விழுங்குபவற்றை மட்டும் சொல்கிறேன்.

தடையை விட்டுவிட்டு நொதியைக் கூட்டுவது

லைசினும் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் செல்லுக்குள் சேர்ந்தால், லைசின் உருவாகும் பாதையின் முதல் நொதியான அஸ்பார்ட்டோகைனேஸ் அடங்கிவிடும். அடங்கும் நொதியை அதிகமாக்கிப் பெரிய பயனில்லை. அந்த நொதியில் 311ஆம் இடத்தில் இருக்கும் திரியோனினை ஐசோலூசினாக மாற்றினால் தடை விலகும். முதல் வேலை அதுதான்.

பிளாஸ்மிடை நம்பி ஃபெர்மென்டருக்குப் போவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஒரு மாணவர் லைசினுக்கான மாற்றத்தை, குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில் வைத்திருந்தார். அவரது ஃபிளாஸ்க்கில் லைசின் அருமையாக வந்தது. பெரிய வளர்ப்புக் கலனான ஃபெர்மென்டரில் செல்கள் நன்றாகப் பெருகின, குளுக்கோஸும் தீர்ந்தது, லைசின் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. ஊடகத்தை மாற்றினார், காற்றைக் கூட்டினார். கடைசியில் மாதிரியைச் சாதாரணத் தட்டிலும், கனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டிலும் பரப்பச் சொன்னேன்; பிளாஸ்மிட் உள்ள செல்கள் மட்டுமே கனமைசினைத் தாங்கும். மறுநாள் முதல் தட்டு நிறையக் காலனிகள். கனமைசின் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன.

ஃபிளாஸ்க்கில் கனமைசின் இருந்தது, ஃபெர்மென்டரில் இல்லை. பிளாஸ்மிடை உதறிய செல்லுக்குச் சுமை குறைவு, அதனால் வேகமாக வளரும். ஒரு மில்லிலிட்டர் வளர்ப்பு அதே அடர்த்தியில் ஆயிரம் லிட்டராக வேண்டுமென்றால் சுமார் 20 தலைமுறை ஆகும். உதறியவை முந்திக்கொள்ள அது தாராளமாகப் போதும். ‘அங்கேயும் கனமைசின் போட்டால் என்ன?’ என்பார்கள். லைசின் பெரும்பாலும் கோழி, பன்றித் தீவனத்துக்குப் போகிறது. அதில் ஆன்டிபயாட்டிக் எச்சம் கலக்கக் கூடாது, செலவும் கட்டாது.

மாற்றத்தைக் குரோமோசோமிலேயே பதியுங்கள். சுக்ரோஸ் இருந்தால் செல்லைக் கொல்லும் சாக்-பி மரபணுவும் வேண்டிய மாற்றமும் கொண்ட பிளாஸ்மிடைக் குரோமோசோமுக்குள் நுழைத்து, அப்புறம் சுக்ரோஸ் தட்டில் வளர்த்தால் அதை வெளியேற்றிய செல்கள் மட்டும் பிழைக்கும். பிழைத்தவற்றில் பல பழைய வடிவத்துக்கே திரும்பியிருக்கும், ஆகவே டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரோடு நிறுத்தாமல் டிஎன்ஏ வரிசையையும் படித்துப் பாருங்கள்.

வெளியேறும் வழியை மறப்பது

லைசினை வெளியே தள்ளும் லிஸ்-இ புரதத்தையும் கூட்டுங்கள்.

கிராமில் மயங்குவது

லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது மட்டும் போதாது. செலவான குளுக்கோஸில் எவ்வளவு லைசினானது என்று கணக்குப் போடுங்கள். ஒரு லைசின் மூலக்கூறு உருவாக, எலக்ட்ரான் தரும் துணை மூலக்கூறான என்ஏடிபிஹெச் நான்கு வேண்டும். விளைச்சல் ஏறாவிட்டால் அதைத் தரும் பென்டோஸ் பாஸ்பேட் பாதையைச் சோதியுங்கள்.