பார்பர்ஷாப் பாட்டில் கார்டு கணீரென்று ஒலிக்க

பார்பர்ஷாப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் கிடையாது, நான்கு குரல்தான். மெட்டு லீடிடம். அதற்கு மேலே மெல்லிய டெனர், அடியில் பேஸ், மிஞ்சிய சுரம் பாரிடோனுக்கு. 1938இல் அமெரிக்காவின் டல்சா நகரில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கியது. அங்கே வாரம் ஒரு மாலை கூடிப் பாடும் உள்ளூர்க் குழுக்கள் இன்றும் உண்டு. பல வருடம் சேர்ந்து பாடியவர்களுக்கும் வரும் சிக்கல் இது: எல்லோரும் சரியான சுரத்தில்தான் இருப்பார்கள், நான்கு சுரமும் ஒன்றாக ஒலிக்கும் கார்டு மட்டும் சேராது.

பெரும்பாலும் கீபோர்டு பழக்கம்தான் காரணம். அதை மூடிவிட்டு, சுருதி பிடிக்க ஊதும் சிறு குழலான பிட்ச் பைப்பில் ஆதார சுருதியை மட்டும் ஊதிக்கொள்ளுங்கள். லீட் 220 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் பிடிக்கட்டும். அது நிலைத்த பிறகு பேஸ் கீழே 165இல் பஞ்சமம் சேர்க்கட்டும். இந்த இரண்டும் அசையாமல் நிற்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அடுத்து பாரிடோன், இரண்டுக்கும் நடுவே நிஷாதம். கீபோர்டில் இது 196, இங்கே 192.5 வரை இறங்க வேண்டும். முதலில் அபஸ்வரம் போலத்தான் படும்; பயப்படாமல் இறங்குங்கள். கடைசியாக டெனர், 275இல் காந்தாரம். இதுவும் கீபோர்டைவிட 2 ஹெர்ட்ஸ் குறைவு. தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் தானாக எழும் சுயம்பு காந்தாரம் இதே அளவுதான். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். நான்கும் பொருந்தியதும் யாருமே பாடாத ஒரு சுரம் உச்சியில் கேட்கும். அதைக் கேட்கும்வரை அடுத்த கார்டுக்குப் போகாதீர்கள்.

அப்படியும் கேட்கவில்லையா? டெனரின் குரலைப் பாதியாகக் குறையுங்கள். கமகமோ குரல் நடுக்கமோ கூடவே கூடாது. பிறகு உயிரெழுத்தைப் பாருங்கள்: ஒருவர் ‘ஆ’ என்றும் இன்னொருவர் ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் நடுவிலும் வாயை வைத்திருந்தால் சுருதி சரியாக இருந்தும் ஒட்டாது. இருபது பேர் குழுவென்றால் லீட் எட்டு, பேஸ் ஆறு, பாரிடோன் நான்கு, டெனர் இரண்டு பேர் போதும்.

பாட்டு முடிந்து பிட்ச் பைப்பை ஊதினால் அரை சுரம் இறங்கியிருக்கிறதா? தாழ்த்திப் பாடும் காந்தாரத்திலிருந்து லீட் தன் அடுத்த சுரத்தை எடுத்திருப்பார். மற்ற மூவரும்தான் லீடைக் கேட்டுச் சேர வேண்டும். லீட் யாரையும் தொடரக் கூடாது. பேஸ் ‘ச’ பிடித்து நிற்க, லீட் மெட்டை மட்டும் தனியே மூன்று முறை பாடி, ஒவ்வொரு முறையும் முடிவில் பைப்பை ஊதிச் சரிபார்க்கட்டும்.